கசக்காத மாத்திரை

வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிட்டு எதிர்ச் சுவர் டிவியில் ஒருத்தி நெய்யில் முந்திரி வறுப்பதை ஓடவிட்டிருக்கிறார்கள், இந்த ஸ்கேன் சென்டர்காரர்களின் இரக்கம் அவ்வளவுதான், சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் அவள் வாய் மட்டும் அசைகிறது, முந்திரி பொன்னிறமாகிறது, அடுத்தது திராட்சை உப்பும், உப்பட்டும், எனக்கென்ன. பக்கத்தில் என் சம்சாரம் தையல்நாயகி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஐயோ என்றாள், முட்டிக்கு என்று டாக்டர் கொடுத்த மாத்திரை அவளுக்கு வேலை செய்யவில்லை போலிருக்கிறது, கேட்டால் எனக்கு ஒண்ணுமில்லை உங்க ஈரலைப் பாருங்க என்பாள். என் ஈரலை நான் எங்கே பார்ப்பது. அது வலது விலாவுக்குள்ளே, சாக்குக்குள் போட்ட பூனை மாதிரி சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. எழுபது வருஷத்துக்கு மேல் என்னோடு குடியிருந்தும் ஒரு நாள் கதவைத் திறந்து முகம் காட்டியதில்லை. லாட்ஜில் அப்படிச் சிலர் வருவார்கள், சாவியை வாங்கிக்கொண்டு போனால் போனதுதான், காலி பண்ணும்போதுதான் மனுஷன் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரியும். திருச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் வாழ்நாளெல்லாம் லாட்ஜ் மேனேஜராக இருந்தவனுக்கு உவமைகூட லாட்ஜிலிருந்துதான் வரும் போல. போன தடவை படம் எடுத்தபோது கொழுப்பு ரெண்டாவது கட்டம் என்றார்கள், ரத்தத்திலும் கொழுப்பு, ஈரலிலும் கொழுப்பு. தையல் அன்றைக்கே, அங்க மட்டுமா இருக்கு, வாயில இருக்கறதை எந்த மெஷின்ல எடுப்பாங்க என்று கேட்டாள். இன்றைக்கு எடுக்கப்போவது வேறு மெஷினாம். கொழுப்பை மட்டுமில்லை, ஈரல் இறுகிவிட்டதா என்று பார்க்குமாம். இறுகுவது. மைசூர்பாகு இறுகும், சிமெண்ட் இறுகும். லாட்ஜ் முதலாளி கடைசியில் அப்படித்தான் ஆனார் என்று சொன்னார்கள், ஈரல் கல்லாகி, வயிறு ஊதி, கால் மட்டும் குச்சியாகி, கண் இரண்டும் நம் லாட்ஜ் தலையணை உறையின் மஞ்சள் நிறத்தில். இல்லை, முதலாளியை நினைக்க வேண்டாம். திராட்சை உப்பிவிட்டது.

"அண்ணனுக்கும் லிவரா?" இந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து. டைல்ஸ் கடை வைத்திருக்கிறாராம், கமாலுதீன் என்று பேர், வயிறு நாற்காலியின் கைப்பிடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மனுஷர் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆமாம் தம்பி என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்க வராது. நாக்கு எனக்கு முன்னால் எழுந்து நடக்கிற பிராணி. பாய்லர் கம்பெனிக்கு வேலையாக வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் எங்கள் லாட்ஜில் தங்கியிருந்தான் தம்பி, அவனும் நானும் மொட்டை மாடியில் பந்தயம் கட்டிக் குடித்தோம், விடிகிறபோது அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் குளித்துவிட்டு மலைக்கோட்டை ஏறி உச்சிப்பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இறங்கினேன், அன்றிலிருந்து ஈரல் கொஞ்சம் கோபமாக இருக்கிறது என்றேன். கமாலுதீன் கண் விரிந்தது. "மாஷா அல்லாஹ், அந்த வயசுல என்னா தெம்பு!" தையல் திரும்பாமலே, "தம்பி, இவரு இருமல் மருந்துல ஸ்பிரிட்டு நெடி அடிச்சாலே மூக்கைப் பொத்திக்கிற ஆளு. கேட்டுக்கங்க, நம்பாதீங்க" என்றாள். அது சத்தியம். ஒரு சொட்டு தொட்டதில்லை நான். ஆனால் இதே கதையை லாட்ஜில், சலூனில், சம்பந்தி வீட்டில், ரயிலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேனோ, அந்த இன்ஜினியர் ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் உயரமாகி இப்போது உத்திரம் இடிக்கிறான். முதல் தடவை டாக்டர் ஹெப்சிபா குடிப்பீங்களா ஐயா என்று கேட்டபோது இல்லை என்றேன், அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார், மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது, இல்லை என்று எழுதி பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என் மருமகனே நம்பவில்லை. மாமா, கொழுப்பு ஈரல் குடிக்காமயும் வரும்னு டாக்டர் சொல்றாங்க, ஆனா உங்களைப் பத்தி நீங்களே இவ்வளவு சொல்லியிருக்கீங்களே என்று இழுத்தான். முதலாளியும் குடித்ததில்லை. அவர் குடித்ததெல்லாம் ரோஸ்மில்க். செத்த வீட்டில் பாடையைத் தூக்குமுன்னே குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ரோஸ்மில்க் குடித்து ஈரல் போயிற்று என்று சொன்னால் யார் நம்புவார்கள், அது என் கதைகளை விட மோசமான கதை.

நான் எப்படி வந்தேன் இங்கே என்று யோசித்தால் பரோட்டா. லாட்ஜுக்குக் கீழே பரோட்டா ஸ்டால், அடுக்கடுக்காகப் பிய்த்துப் போட்டு மேலே சால்னா ஊற்றினால் எண்ணெய் மிதந்து ட்யூப்லைட் அதில் தெரியும். டூட்டி முடிகிற வேளைக்கு அதுதான் சாப்பாடு, அப்புறம் கல்லாவிலேயே சாய்ந்து தூக்கம். மைதாவும் சர்க்கரையும்தான் ஈரலில் போய்க் கொழுப்பாகப் படிகிறது என்று டாக்டர் சொன்னபோது, அப்போ எண்ணெயைச் சொல்ல மாட்டீங்களா என்று கேட்டேன், அதையும் சொல்றேன் என்றார். சோற்றைப் பாதியாக்கு, நட, சர்க்கரையை விடு, ராத்திரி ஒரு மாத்திரை, கொழுப்புக்கு. சோற்றைப் பாதியாக்கினேன். காபியில் சர்க்கரையை விட்டேன். மாத்திரை. மாத்திரைதான். நினைப்பு எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த மூலைக்குத்தான் வந்து முட்டுகிறது. ஆடி மாசம் மைதானத்தில் நடக்கும்போது வேதரத்தினம் வாத்தியார் கேட்டார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதிச் சொல்வது மாதிரி இருக்கும். ஓய் நடனசிகாமணி, கொழுப்பு மாத்திரை போடுறீராமே, அது ஈரலுக்குள்ள போய்த்தான் வேலை செய்யுது தெரியுமா, கெட்டுப்போன ஈரலுக்கு அதைக் குடுத்தா, இடிஞ்ச வீட்டுல புல்டோசர் விட்ட மாதிரி. புல்டோசர். அன்று ராத்திரியே முதலாளியின் கண் கனவில் வந்தது, கண் மட்டும், லாட்ஜ் கல்லா மேலே ரெண்டு மஞ்சள் கோலிக்குண்டு. மறுநாளிலிருந்து மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் விழுங்குகிறேன். தையல் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனதும் பால்கனியில் நந்தியாவட்டைத் தொட்டியில் துப்பிவிட்டு, விரலால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அவள் அழுதால் எனக்குக் கதை வராது. நந்தியாவட்டை பூத்துக் குலுங்குகிறது, மேல்வீட்டுக்காரி என்ன உரம் மாமா என்று கேட்டாள், திருவானைக்கா யானை போட்டது என்றேன். அதற்குக் கொழுப்பு அளவு பார்த்தால் ஊரிலேயே ஆரோக்கியமான செடி அதுதான்.

ஆனால் அதுவல்ல பயம். இதை யாரிடம் சொல்வது. மாத்திரை கசப்பதில்லை. முன்பு கன்னத்தில் ஒதுக்கிய உடனே கசப்பு இறங்கும், அடித்தொண்டை வரைக்கும், துப்பிக் கொப்பளித்தாலும் தூக்கம் வருகிறவரை நிற்கும். ஐப்பசி வாக்கில் ஒரு ராத்திரி ஒதுக்கினேன், கசப்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கப்புறம் லேசாகத் தித்திப்பதுபோல்கூட. ஈரல் கெட்டால் முதலில் நாக்கு போகும், ருசி போகும், கரி தின்றாலும் தெரியாது என்று முதலாளியின் சம்சாரம் சொல்லியிருக்கிறாள், கடைசி மாசங்களில் அவர் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாயசம் நல்லாயிருக்கு என்றாராம். அன்றிலிருந்து நான் என் நாக்கைக் காவல் காக்கிறேன். காலையில் தையல் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தருகிறாள், அது கசக்கிறதே என்று ஒரு நாள் தைரியம் வந்தது, அப்புறம் யோசித்தால் அந்த வாசனைக்கு மூக்கே கசந்துவிடும், நாக்குவரை போக வேண்டியதில்லை. பாகற்காய் கசந்ததா என்றால், அவள் அதில் வெல்லம் போடுகிறவள், சர்க்கரை கூடாது என்றதற்கப்புறமும் துளி போடுகிறவள், அந்தச் சாட்சி செல்லாது. காபி? காபி கசக்கிறது, ஆனால் ஞாபகத்தினால் கசக்கிறதோ. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன், நாக்கு நாக்கு மாதிரிதான் இருந்தது, அதன் முகத்தில் குற்றம் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. ஏன் தையலு, அந்த மாத்திரை ஏன் இப்போது கசக்கவில்லை என்று கேட்டால், முழுங்குகிற மாத்திரை எதற்கு உங்களுக்குக் கசக்கணும் என்று கேட்பாள். அவ்வளவுதான், நான் மாட்டிக்கொள்வேன். ஆக மாத்திரையைத் துப்பியும் ஈரல் போய்விட்டது, புல்டோசரே வராமல் வீடு தானாக இடிகிறது, அப்படியானால் துப்பினதால்தான் இடிகிறதோ, அப்படியானால் வாத்தியார்—

"நடனசிகாமணி!" கவுண்டர் பெண் கூப்பிடுகிறாள், பேரை மூன்றாக உடைத்து, நடன, சிகா, மணி, மூன்று பேர் எழுந்து வருவார்கள் என்று எதிர்பார்ப்பவள்போல. கமாலுதீன், "போய்ட்டு வாங்கண்ணே, மெஷினை ஜெயிச்சுட்டு வாங்க" என்கிறார். தையல் என் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் கண்ணாடியையும் எடுத்துக்கொள்கிறாள், ஏதோ நான் குளத்தில் இறங்கப்போகிற மாதிரி. உள்ளே குளிர். மேலே தூக்கிய வலது கை, திறந்த விலா, வழுவழுவென்று ஒரு ஜெல்லி, தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல் அதைத் தேய்த்துவிட்டு ஒரு குழவி மாதிரியானதை வைத்து அழுத்துகிறான் டெக்னீஷியன். "ஆடாம இருங்க சார், லேசா தட்டும்." தட்டுகிறது. விலாவுக்கு நடுவில் யாரோ விரலால் சுண்டுகிறார்கள். மறுபடியும். மறுபடியும். கதவைத் தட்டுவதுதான் இது, லாட்ஜில் நான் தட்டுவேன், மத்தியானத்துக்கு மேல் கதவைத் திறக்காத ரூம் என்றால் விரல் மூட்டால் ரெண்டு தட்டு, அப்புறம் பேர் சொல்லி ரெண்டு தட்டு, அப்புறம் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே இருமல் கேட்டால் போதும், கீழே இறங்கிவிடலாம். ஒரே ஒரு தடவை இருமல் கேட்கவில்லை. போலீஸ் வந்து கதவை உடைத்தார்கள். இப்போது என் ரூம். இந்தப் பையன் தட்டிக்கொண்டே இருக்கிறான், திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், முகத்தில் ஒன்றுமில்லை, இந்த வேலைக்கு முகத்தில் ஒன்றுமில்லாதவர்களைத்தான் எடுப்பார்கள் போல. தம்பி, உள்ளே ஆள் இருக்கா என்று கேட்டேன். "மூச்சை இழுத்துப் புடிங்க சார்" என்றான். இருமு, சனியனே. ஒரு தடவை இருமு.

டாக்டர் ஹெப்சிபாவின் அறையில் ரெண்டு நாற்காலி, தையல் அவளுடையதை எனக்குக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்காருகிறாள். டாக்டர் ஸ்கேன் தாளைப் பார்க்கிறார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கிறார், மறுபடி ஸ்கேன். "ஈரல் கொஞ்சம் இறுக ஆரம்பிச்சிருக்கு ஐயா. கல்லாகலை. திரும்பி வரக்கூடிய இடத்துலதான் இருக்கு. உங்க எடையில பத்துல ஒரு பங்கு இறங்கினா அதுவே இளகும்." கல்லாகலை. ஆள் இருமிவிட்டான். ஆனால் எனக்குள் எதுவும் துள்ளவில்லை, யாருக்கோ வந்த தந்தியை நான் வாங்கிப் படித்தது மாதிரி இருக்கிறது. டாக்டர் புருவத்தைச் சுருக்குகிறார். "எனக்கு இதுதான் புரியலை. கெட்ட கொழுப்பு போன தடவையை விட ஏறியிருக்கு. மாத்திரையே போடாத ஆள் மாதிரி இருக்கு. ஒழுங்கா போடறாரா அம்மா?" "நானே என் கையால குடுக்கறேன் டாக்டர், ஒரு நாள் விட்டதில்லை" என்கிறாள் தையல். குடுக்கிறாள்தான். "நானும் ஒரு நாள் தவறாம வாயில போட்டுக்கறேன்" என்கிறேன். போட்டுக்கொள்கிறேன்தான். ரெண்டு பேரும் எவ்வளவு யோக்கியர்கள். "அப்போ இந்த அளவு பத்தலை. ரெட்டிப்பாக்கிடறேன்" என்று டாக்டர் பேனாவைத் திறக்கிறார். ரெட்டிப்பு. தொட்டியில் இடம் போதாது. சொல், நடனசிகாமணி. வாயைத் திற. திறக்கிறேன், எனக்கு முன்னால் ஓடுகிற நாக்கு இன்றைக்குப் படுத்துக்கொண்டது.

"எழுதாதீங்க டாக்டர்" என்றது தையல். முட்டியில் வைத்த கை முட்டியிலேயே இருக்கிறது. "அவரு போடறது அந்த மாத்திரை இல்ல." டாக்டர் பேனாவை நிறுத்துகிறார். "மாயவரத்துலேருந்து எங்க அக்கா போன் பண்ணுச்சு. அது ஈரலைத் தின்னுடும், அங்க ஒருத்தர் போயே போயிட்டாருன்னு. இவருகிட்ட சொன்னா பயந்துக்குவாரு, வெளியில சிரிச்சுகிட்டு உள்ள செத்துடுவாரு. அதான்... என் முட்டிக்கு நீங்க எழுதிக் குடுத்தீங்களே, சப்பிச் சாப்பிடற சுண்ணாம்புச் சத்து மாத்திரை, அதை உரிச்சுக் குடுத்துட்டேன், காலையில ஈரலுக்குக் கீழாநெல்லி மோரும். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை." "எப்போலேருந்து?" "ஐப்பசியிலேருந்து." "அந்த மாத்திரை எங்க?" "அரிசி டிரம்முல இருக்கு. தூக்கிப் போட மனசு வரல." ஐப்பசி. தித்திப்பு. என் நாக்கு. என் நாக்கு நன்றாக இருக்கிறது, மாசக்கணக்கில் நான் அதைச் சந்தேகப்பட்டேன், அது ஒவ்வொரு ராத்திரியும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, என் நாக்கு, உண்மையை. சிரிப்பு வருகிறது, அடக்குகிறேன். இந்தப் பொம்பளை தன் முட்டியை எனக்குக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டு நடந்திருக்கிறாள், நான் அவள் முட்டியைக் கொண்டுபோய்ச் செடிக்குப் போட்டிருக்கிறேன். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது, குரலை உயர்த்தாத கோபம். "அம்மா, இந்த மாத்திரை இவர் ஈரலைத் தின்னாது. கொழுப்பு ஈரல் இருக்கறவங்களுக்குத் தைரியமா குடுக்கறதுதான் இது, ரத்தம் பார்த்துக்கிட்டே குடுப்போம். இந்த மாதிரி ஆளுங்களை முதல்ல கொண்டுபோறது பெரும்பாலும் ஈரல் இல்ல, நெஞ்சு. ரத்தக்குழாய் அடைக்கும். அதைக் காப்பாத்தத்தான் மாத்திரை. நீங்க கொல்லைக்கதவுல பூட்டைப் போட்டுட்டு வாசலைத் திறந்து வெச்சிருக்கீங்க. ராத்திரி ஏதாவது ஆகியிருந்தா?" தையல் தலையை ஆட்டுகிறாள், ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து அங்கே நிற்கிறது, துடைக்கக் கை எழவில்லை. "நான் இவரைக் கொன்னிருப்பேனா டாக்டர்?"

இந்த இடத்தில் சும்மா இருந்தால் போதும். குற்றமற்றவனாக வீட்டுக்குப் போகலாம், வருஷக்கணக்கில் இதை வைத்துப் பிழைக்கலாம், சாம்பாரில் உப்புக் கூடினால் அன்றைக்கு மாத்திரை மாத்தினவதானே நீ என்று கேட்கலாம், இப்படி ஒரு சரக்கு ஆயுசுக்கும் கிடைக்காது. அந்த நீர் இன்னும் மூக்கு நுனியில் நிற்கிறது. டாக்டரம்மா, அவங்களைத் திட்டாதீங்க என்று என் குரல் கேட்கிறது, அவ மாத்தறதுக்கு முன்னாடியே, ஆடியிலிருந்தே நான் முழுங்கலை. கன்னத்துல ஒதுக்கிப் பால்கனித் தொட்டியில துப்பிட்டேன். அவ குடுத்த சுண்ணாம்பையும் அப்படித்தான். செடி பூத்துக் குலுங்குது, வேணும்னா வந்து பாருங்க. டாக்டர் சிரித்துவிட்டார், இத்தனை நாளில் அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஐயா, உங்க வீட்டுக்காரம்மாவைக் காப்பாத்தறதுக்கு நல்ல கதைதான். செடி பூத்ததுங்கறதுதான் கொஞ்சம் ஜாஸ்தி." இல்லை டாக்டர், சத்தியமா. "சரி சரி. பழைய அளவே போடுங்க. எந்த நேரத்துலயும் போடலாம், இன்னிக்கே ஆரம்பிங்க. அம்மா, உங்க முட்டி மாத்திரையை நீங்க சாப்பிடுங்க. அந்தக் கீழாநெல்லியை விட்டுடுங்க, வெறும் மோர் போதும்." தையல் என்னைப் பார்க்கிறாள். மூக்கு நுனி நீரை இப்போது துடைத்தாயிற்று. கல்யாணமான புதிதில் நான் இல்லாத புலியைக் கொல்லிமலையில் சுட்டபோது பார்த்தாளே, அந்தப் பார்வை.

வெளியே கமாலுதீன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி என்னாச்சு என்று கேட்டார், உள்ளே ஆள் இருக்கு தம்பி என்றேன், அவருக்கு அது புரிந்ததுபோல் தலையாட்டினார். கேண்டீனில் ரெண்டு இட்லி, ரெண்டே ரெண்டு, சட்னியில் தேங்காயைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன், தையல் அவள் இட்லியை ஆறவிட்டுவிட்டு மருந்துக்கடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க," என்றாள் தலையைத் தூக்காமல், "எனக்காக அங்க ஒரு பொய் சொன்னீங்களே. செடியில துப்பினேன்னு. எப்படித்தான் உங்களுக்கு அந்த நேரத்துல தோணுதோ." அது பொய்யில்லை தையலு என்றேன். "ஆமாமா" என்றாள், என் முழங்கையைத் தொட்டு, சின்னப் பையனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. இனி என்ன செய்வது. மாசி வந்தால் தொட்டி மண்ணை மாற்றுவாள், கொத்தும்போது வெள்ளை வெள்ளையாக ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கலாம், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தாள், தன்னுடையது ஒன்றையும் பக்கத்தில், ரெண்டும் வெள்ளை, என்னுடையது ஒரு நூல் சின்னது. நான் எடுத்து நாக்கின் நடுவில் வைத்தேன், கன்னத்துக்குத் தள்ளவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் வந்தது, ஓரத்திலிருந்து, மெதுவாக, அடித்தொண்டை வரைக்கும். தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன். தையல் பார்க்கவில்லை, அவள் தன் மாத்திரையைச் சப்பிக்கொண்டு ஆறின இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். "கசக்குது" என்றேன். "கசக்கட்டும்" என்றாள்.